கப்பலில் செக்கைக் காசாக்க முடியுமா? அப்பா அம்மாவோடு முதல் கடல் பயணம் போகிறவருக்கு ஒரு பதில்

தம்பி கேட்டிருப்பது இதுதான். வீடு தண்டையார்பேட்டையில். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது சரக்கு எண்ணிக்கையைச் சரிபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது நிறைந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்கு அப்பா, அம்மா, மனைவி எல்லோரையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் இடம் போட்டிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், அப்பா பெயருக்கு ஆயிரம் டாலருக்கு ஒரு பெர்சனல் செக் எழுதி அனுப்பி, கப்பலில் கொடுத்தால் டாலராகவே தருவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா தன்னுடைய பேங்க் செக் புத்தகத்தையும் பையில் எடுத்து வைத்துவிட்டார். இந்த இரண்டும் செல்லுமா, ரொக்கம் எவ்வளவு எடுத்துப் போவது, கார்டு மட்டும் போதுமா?

இரண்டு செக்கும் செல்லாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆயிரம் டாலரை நம்பி நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாமல் கிளம்பிவிடக் கூடாது. நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். ஒன்பது வருடம் பயணக் கப்பல்களில் பர்சர் ஆபீஸில், அதாவது பயணிகளின் கணக்கு வழக்கைப் பார்க்கிற கவுன்டரில் வேலை பார்த்தவன். நம் ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கவுன்டருக்கு முன்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செக்கை ஏன் வாங்க மாட்டார்கள்? செக் என்பது பணமில்லை, என் பேங்கைக் கேள், கொடுப்பார்கள் என்று நாம் எழுதித் தருகிற ஒரு கடிதம். அந்தப் பேங்கைக் கேட்டுப் பார்த்தால்தான் கணக்கில் பணம் இருக்கிறதா என்று தெரியும். நம் ஊரில் அந்தக் கேள்வி இப்போது வேகமாகவே போய்ச் சேருகிறது. செக்கை ஸ்கேன் செய்து படமாக அனுப்பும் சி.டி.எஸ். முறை 2011-ல் சென்னைக்கு வந்தது, 2025 அக்டோபரிலிருந்து வேலை நேரம் முழுக்கத் தொடர்ந்து கிளியரிங் நடக்கிறது. ஆனால் அதெல்லாம் இந்திய பேங்குகளுக்குள் மட்டும். நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்கு அந்த வலையில் இடமில்லை. உங்கள் அப்பாவின் ரூபாய் செக்கை பர்சர் வாங்கினால் அதை இந்தியாவுக்கு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, நம் அந்நியச் செலாவணிச் சட்டத்தையும் தாண்டிப் பணத்தை வெளியே எடுக்க வேண்டும். அதற்குள் அப்பா வீட்டுக்கு வந்து மாதம் ஆகியிருக்கும். செக் திரும்பி வந்தால் யாரைப் போய்த் தேடுவார்கள்? ஆகவே செக் புத்தகத்தை வீட்டு பீரோவிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். வழியில் தொலைந்தால் ஸ்டாப் பேமென்ட் கொடுக்க அலைவதுதான் மிச்சம்.

அண்ணனுடைய செக் அமெரிக்க பேங்க் மேல் எழுதியது, கப்பல் கணக்கும் டாலரில் என்பதால் அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஒரு காலத்தில் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் சில கப்பல்களில், தெரிந்த பயணிகளுக்குச் சிறிய தொகை வரை பெர்சனல் செக்கை மாற்றிக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. டிராவலர்ஸ் செக்கும் ஓடியது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891-ல் கொண்டுவந்த சரக்கு அது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது கண் முன்னால் இன்னொரு கையெழுத்து, இரண்டும் பொருந்தினால் பணம். கார்டு வந்த பிறகு அதுவும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்று பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் பெர்சனல் செக் ஏற்பதில்லை என்று நிபந்தனையிலேயே எழுதிவிடுகிறார்கள். அதிலும் இது உங்கள் அண்ணன் கணக்கிலிருந்து அப்பா பெயருக்கு எழுதிய செக், எழுதியவர் கப்பலிலேயே இல்லை. பழைய காலத்திலும் இதை மாற்றியிருக்க மாட்டார்கள்.

சரி, அதைச் சென்னையிலேயே பேங்கில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். வெளிநாட்டு செக்கை கலெக்‌ஷனுக்கு அனுப்ப வேண்டும், காகிதமாகவே அமெரிக்கா வரை போய் வர வேண்டும், வாரங்கள் பிடிக்கும், இரண்டு பக்கமும் கட்டணம் உண்டு. பல கிளைகளில் வாங்குவதே இல்லை. பயணத்துக்குள் வராது. அதனால் அண்ணனிடம் பேசிவிட்டு செக்கைக் கிழித்துப் போடுங்கள். மறந்துபோய் எங்காவது பத்திரமாக வைத்துவிட்டால் எழுதியவருக்குத்தான் தலைவலி. அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு மேலான செக்கை பேங்க் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் கொடுத்தும் விடலாம்.

அந்த ஆயிரம் டாலர் அப்பாவிடம் சேர நல்ல வழி இரண்டு இருக்கிறது. அவர் அப்பாவின் சேமிப்புக் கணக்குக்கு நேராக அனுப்பலாம், ஓரிரு நாளில் ரூபாயாக வந்துவிடும். மகன் அப்பாவுக்குத் தரும் அன்பளிப்புக்கு இங்கே வருமான வரியும் கிடையாது. இல்லையென்றால் கப்பல் கம்பெனியின் தளத்தில் உங்கள் புக்கிங் எண்ணைப் போட்டு, அப்பா அம்மா கேபினுக்கு ஆன்போர்டு கிரெடிட் வாங்கிவிடலாம். ஏறும்போதே அவர்கள் கணக்கில் அந்தத் தொகை வரவாக உட்கார்ந்திருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். சில வகைக் கிரெடிட் கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால் போய்விடும், திருப்பித் தர மாட்டார்கள். வாங்கும் முன் அந்த நிபந்தனையை அண்ணன் படித்துவிட வேண்டும். ஆயிரம் டாலரையும் அதில் போட வேண்டாம், இருநூறு போதும், மிச்சத்தை அப்பா கணக்குக்கு அனுப்பட்டும்.

எங்கள் தாத்தா ராஜூலா கப்பலில் பினாங்கு போய் வந்தவர். இங்கிருந்து நாகப்பட்டினம் தொட்டு பினாங்கு, சிங்கப்பூர் போகும் கப்பல் அது. இடுப்பில் அகலமான தோல் பெல்ட், அதன் பையில்தான் பணம் எல்லாம், தூங்கும்போதும் கழற்ற மாட்டாராம். உங்கள் அப்பா காலத்தில் அதே தடத்தில் எம்.வி. சிதம்பரம் ஓடி, 1985-ல் தீப்பிடித்ததோடு நின்றுபோனது. அவர்கள் மனதில் கப்பல் என்றால் கையில் காசு இல்லாமல் ஏறக் கூடாத இடம். அது அவர்களுடைய அனுபவம். இன்றைய பயணக் கப்பலில் நிலைமை நேர் எதிர், ரொக்கத்தை நீட்டினால் காபி கூடக் கிடைக்காது.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சிங்கப்பூர் டெர்மினலில் செக்-இன் செய்யும்போது ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார்கள், சில கப்பல்களில் அது கேபின் கதவிலேயே காத்திருக்கும். கதவைத் திறப்பதும் அதுதான், கப்பலின் ஏறு பாலமான கேங்வேயில் இறங்கி ஏறும்போது காட்டுவதும் அதுதான், கடையில் நீட்டுவதும் அதுதான். நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றும் உங்கள் கேபின் பெயரில் ஒரு கணக்கில் ஏறும். அதை ஃபோலியோ என்போம். அந்த ஃபோலியோவுக்குப் பின்னால் ஒரு கிரெடிட் கார்டை இணைக்க வேண்டும், அல்லது பர்சர் கவுன்டரில் ரொக்கமாக முன்பணம் கட்ட வேண்டும். பயணத்தின் பணப் பிரச்சினை முழுக்க இந்த ஓர் இடத்தில்தான். அதன் பின்னால் எந்த கார்டு நிற்கிறது என்பது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சமாளித்துவிடலாம்.

கிரெடிட் கார்டைத்தான் இணைக்க வேண்டும், டெபிட் கார்டு வேண்டவே வேண்டாம். காரணம் ஹோல்டு. நீங்கள் ஒன்றும் வாங்குவதற்கு முன்பே கப்பல் ஒரு தொகையை கார்டில் நிறுத்தி வைக்கும், செலவு ஏற ஏற மறுபடி நிறுத்தும். கிரெடிட் கார்டில் அது வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணம் பூட்டிப் போகும். இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பூட்டு அவிழ நாள் கணக்காகும், சில நேரம் வாரம் தாண்டும். நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் மதுரைப் பக்கத்துத் தம்பதி, ஓய்வூதியம் வரும் கணக்கின் டெபிட் கார்டை இணைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் புக்கெட்டில் இறங்கி ஏ.டி.எம்.மில் போட்டால் பணம் வரவில்லை. திரும்பி வந்து கவுன்டரில், நாங்கள் இன்னும் எதுவுமே வாங்கவில்லையே, எங்கள் பணம் எங்கே என்று அந்த அம்மா கேட்டார். பணம் எங்கும் போகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று நான் விளக்கினேன். விளக்கம் சரிதான், ஆனால் அன்றைக்கு அவர்கள் கையில் காசில்லை. ஊருக்குப் போய்ச் சேரும்வரை அந்த ஐயா எதுவும் வாங்கவில்லை, மற்றவர்கள் ஐஸ்கிரீம் கடையில் நின்றபோதும் தள்ளியே நின்றார். அது எனக்கு மறக்கவில்லை.

ரூபே கார்டும் இங்கே சிக்கல். நம் பகுதியில் ஓய்வூதியக்காரர்கள் நிறையப் பேருக்கு பேங்க் கொடுத்திருப்பது அதுதான். வெளிநாட்டில் செல்லும் ரூபே கார்டு தனி வகை, அதையும் எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டில் ஒன்று இருக்கட்டும். பேங்கில் டாலர் ஏற்றித் தரும் ஃபாரெக்ஸ் கார்டு கரையில் செலவழிக்க நல்லது, ஆனால் கப்பல் கணக்கோடு இணைக்க வேண்டாம், ஹோல்டு விஷயத்தில் அதுவும் டெபிட் கார்டு மாதிரிதான் மாட்டும். அப்புறம், 2020 அக்டோபருக்குப் பிறகு ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகவோ புதுப்பித்தோ வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். பேங்க் ஆப்பில் போய் நீங்களே திறந்து, வரம்பையும் ஏற்றி வைக்க வேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். கடலில் செய்ய முடியாது, காரணம் போன், அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கிரெடிட் கார்டு ஒன்றையே இரண்டு கேபினுக்கும் இணைக்கலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்பா கேபினுக்கு வேறு மாதிரி செய்வேன். முப்பது வருடம் சம்பாதித்துக் குடும்பத்தை நடத்திய மனிதர், ஒரு டீ குடிக்கவும் மகன் கார்டு என்ற நினைப்பு வந்தால் எதையும் வாங்க மாட்டார், அம்மாவையும் வாங்க விட மாட்டார். அவர் கையால் முந்நூறு டாலர் ரொக்கத்தை பர்சர் கவுன்டரில் கட்டச் சொல்லுங்கள். ரசீது அவர் பெயரில் வரும், அவர் அட்டையில் செலவு ஆக ஆக அதிலிருந்து கழியும், மிச்சம் கடைசியில் அவர் கையிலேயே திரும்ப வரும். ரொக்கம் தீர்ந்தால் அட்டை நின்றுவிடும் என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும், அப்படி நின்றால் அவமானமில்லை, போய் இன்னும் நூறு கட்டினால் ஓடும். முதல் நாள் மாலை கவுன்டரில் பெரிய வரிசை இருக்கும், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனால் காலியாக இருக்கும்.

இனி ஃபோலியோவில் என்னென்ன ஏறும். டிக்கெட்டில் எல்லாம் சேர்ந்தது என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். சாப்பாடு சேர்ந்ததுதான். சேராதவற்றில் பெரியது டிப்ஸ். அதை கிராஜுவிட்டி என்று ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு எனத் தானாகவே ஏற்றுவார்கள். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் சாதாரண கேபினுக்கு 16 முதல் 20 டாலர் வரை இருக்கும். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேருக்கு நான்கு இரவுக்கு 288 டாலர், இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஏஜென்டிடம் இது முன்பே கட்டப்பட்டதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நம் ஆட்கள் சிலர் கவுன்டருக்கு வந்து இதை எடுத்துவிடச் சொல்வார்கள், சில கம்பெனிகளில் எடுத்தும் விடுவார்கள். எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேபினைத் துடைக்கும் பையனுக்கும் சாப்பாடு பரிமாறுகிறவருக்கும் சம்பளத்தில் பெரும்பங்கு அதுதான்.

குளிர்பானம், மதுபானம், பணம் கட்டிச் சாப்பிடும் தனி உணவகம் இவற்றின் மேல் தனியாக 18 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ சேவைக் கட்டணம் ஏறுவது சகஜம். விலைப் பட்டியலில் ஐந்து டாலர் என்று பார்த்தால் பில்லில் ஆறு பக்கம் நிற்கும். வைஃபைக்குத் தனிக் காசு. போட்டோகிராபர் எடுக்கும் படத்துக்கும் காசு, அச்சடித்துக் காட்டினால் வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதை அம்மாவிடம் சொல்லி வையுங்கள், பாவம், அவர்கள் கையில் எடுத்தால் எடுத்ததுதான் என்று நினைத்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை மருத்துவச் செலவு. கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் பார்த்தாலே நூறு டாலரைத் தாண்டும், டிரிப் ஏற்றி இரவு வைத்துப் பார்த்தால் பல நூறு, அதற்கு மேலும் போகும். அது நேராக ஃபோலியோவில் ஏறும், ரொக்க முன்பணம் அப்போது எந்த மூலைக்கும் போதாது. அதனால்தான் அப்பா கேபினில் ரொக்கம் கட்டினாலும் உங்கள் கிரெடிட் கார்டில் ஒன்றரை லட்சம் ரூபாயாவது தொடாமல் இருக்கட்டும் என்கிறேன். பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது கடல் பயணம் என்பதையும், சர்க்கரை, பி.பி. மாத்திரைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். பெரும்பாலும் நீங்கள் முதலில் கட்டிவிட்டுத்தான் பிறகு கோர வேண்டியிருக்கும், ஆகவே இறங்கும் முன் மருந்து வாரியாகப் பிரித்து எழுதிய பில்லை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா மொத்தத் தொகை போட்ட ரசீதை இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொரு இடத்தில் தெரியாமலே காசு போகும். உங்கள் கார்டு இந்தியாவுடையது என்று தெரிந்ததும், ரூபாயிலேயே எடுக்கட்டுமா என்று திரையிலோ கடைக்காரரோ கேட்பார்கள். சில கப்பல்களில் கேட்காமலே அந்த முறையில் போட்டு வைத்திருப்பார்கள். ரூபாய் என்றால் நமக்குப் புரிகிற கணக்கு என்று தோன்றும், ஆனால் அந்த மாற்று விலையை வைப்பவர் அவர்களே. டாலரில் எடுங்கள், சிங்கப்பூரில் சிங்கப்பூர் டாலரில் எடுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். நம் பேங்கும் வெளிநாட்டுச் செலவுக்கு ஒரு மார்க்அப் போடும், பல கார்டுகளில் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அறுநூறு டாலர் பில்லுக்கு ஏறக்குறைய 25 டாலர். ரூபாயில் எடுத்தால் அந்த மோசமான மாற்று விலையோடு, விற்றவர் வெளிநாட்டுக்காரர் என்ற காரணத்துக்காக நம் பேங்கும் தனியாக ஒன்று பிடிப்பதுண்டு. இரட்டை அடி. மார்க்அப் குறைவான கார்டு வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது ரொக்கம். உங்களுக்கு டாலர் வாங்க பாரிமுனையை விட்டு எங்கும் போக வேண்டாம். அங்கே சுற்றுவட்டாரத்தில் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடைகள் இருக்கின்றன, ராஜாஜி சாலையில் பேங்குகள் இருக்கின்றன. பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் எடுத்துப் போங்கள். மூன்று கடையில் விலை கேளுங்கள், ஒரு டாலருக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் கூட இருக்கும். ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறைவாக என்றால் ரொக்கமாகக் கொடுத்து வாங்கலாம், அதற்கு மேல் பேங்க் வழியாகத்தான் கட்ட வேண்டும். நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை எடுத்துப் போகலாம், உங்களுக்கு அதில் கால் பங்கு கூடத் தேவைப்படாது. பில் கட்டாயம் வாங்குங்கள். பர்மா பஜார் பக்கம் தெரிந்தவர் ஒருவர் பத்து பைசா குறைத்துத் தருகிறார் என்று பில் இல்லாமல் வாங்கினால் அது சட்டப்படி தப்பு, கள்ள நோட்டு வந்தால் போய்க் கேட்க ஆளில்லை.

என் கணக்கு, நால்வருக்கும் சேர்த்து அறுநூறு அமெரிக்க டாலர், அதில் முந்நூறு அப்பா கட்டுவதற்கு. நூறு டாலர் நோட்டாகவே வாங்காமல் ஒன்று, ஐந்து, இருபதும் கொஞ்சம் கேளுங்கள். கிறுக்கல், கிழிசல், முத்திரை விழுந்த நோட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள், தாய்லாந்திலும் மலேசியாவிலும் நாணய மாற்றுக்காரர்கள் அதை ஒதுக்குவார்கள். தவிர 150 சிங்கப்பூர் டாலர், கப்பல் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் எல்லாக் கப்பலிலும் அமெரிக்க டாலர் கணக்கு இல்லை, சிலவற்றில் சிங்கப்பூர் டாலரில்தான் கணக்கு. டிக்கெட் தாளில் பார்த்துவிட்டு அதற்கேற்ப இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரிங்கிட், பாட் இரண்டையும் இங்கே வாங்க வேண்டாம். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியரிலிருந்து லிட்டில் இந்தியா நடந்துபோகும் தூரம். நாணய மாற்றுக் கடைகளில் தமிழ் பேசுபவர்களே இருப்பார்கள், அப்பாவே பேரம் பேசிக்கொள்வார். சாப்பாடும் அங்கேயே நன்றாக இருக்கும். புக்கெட்டில் பல கப்பல்கள் கரை வரை போகாது, டெண்டர் படகில் பாத்தோங் கடற்கரையில் இறக்குவார்கள். அங்கே டுக்டுக் வண்டிக்காரர்களுக்கு ரொக்க பாட்தான். வெளிநாட்டுக் கார்டு போட்டால் ஏ.டி.எம்.மே ஒரு தடவைக்கு 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கும், அதனால் நாற்பது டாலரை மாற்றிக்கொண்டால் போதும். படகில் ஏறி இறங்கும்போது பணப்பை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகாமல், தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை கேபின் லாக்கரில் வையுங்கள். பூட்டு எண்ணை அம்மாவுக்கும் தெரியும் எண்ணாக வைக்கவும்.

இந்திய ரூபாய் 25,000 வரை கையில் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவரலாம். ஐயாயிரம் போதும், திரும்பி வந்து மீனம்பாக்கத்திலிருந்து வீடு வந்து சேர.

போன் விஷயம் பிறகு சொல்கிறேன் என்றேனே. துறைமுகத்தை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் கரை டவர் போய்விடும், கப்பலின் சொந்த செயற்கைக்கோள் நெட்வொர்க் ஒன்று போனில் தானாக ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வாங்கிய ரோமிங் பேக்கில் அது பெரும்பாலும் சேராது, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் போகும். கப்பல் நகர ஆரம்பித்ததும் நால்வர் போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், வைஃபை வேண்டுமென்றால் அதை மட்டும் திறக்கலாம். இதன் விளைவு, ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். வராது. கார்டு வரம்பு ஏற்றுவது, புதிதாக ஆள் சேர்த்துப் பணம் அனுப்புவது, எதுவும் நடக்காது. யு.பி.ஐ.யும் கப்பல் கடையில் கிடையாது. ஆகவே இரண்டாவது கிரெடிட் கார்டு ஒன்று, முதலாவதோடு ஒரே பையில் இல்லாமல் மனைவியின் கைப்பையில் இருக்கட்டும்.

கப்பலிலும் ஏ.டி.எம். இருக்கும், கட்டணம் கடுமை. கேசினோவில் அட்டையை நீட்டி ரொக்கம் எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதற்கும் சதவீதக் கட்டணம் உண்டு. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி. இந்த மூன்றும் தேவைப்படாத அளவுக்குத்தான் மேலே சொன்ன அறுநூறு.

பயண ஏஜென்ட் வெளிநாட்டு டூருக்கு டி.சி.எஸ். என்று, அதாவது வருமான வரிக்கு முன்கூட்டியே, ஒரு தொகை பிடித்திருப்பார். அது போன பணமில்லை. யார் பான் எண்ணில் பிடித்தார்கள் என்று பார்த்து, அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். அப்பா பெயரில் பிடித்திருந்தால், அவருக்கு வரி இல்லை என்று கணக்கே போடாமல் விட்டுவிடுவார்கள், அந்தப் பணம் அப்படியே கிடந்துவிடும்.

இதையே சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறுகிறவர்களும் கேட்கிறார்கள். 2022 ஜூனில் இங்கிருந்து கோர்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பல் ஓடத் தொடங்கியது, அடுத்த வருடம் இலங்கைக்கும் போனது. அதில் கணக்கு ரூபாயில், நம் கார்டுகள் நேராகச் செல்லும், மார்க்அப் தொல்லை இல்லை. அட்டையும் ஃபோலியோவும் அதே முறைதான், செக் அங்கேயும் கிடையாது. இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து யு.பி.ஐ. கியூ.ஆர். உண்டு, ஆனால் சின்னக் கடைக்கு ரொக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி இரவு. ஃபோலியோவை அச்சடித்து கேபின் கதவில் செருகுவார்கள், இல்லையென்றால் கேபின் டி.வி.யிலும் ஆப்பிலும் வரும். தப்பு இருந்தால் அன்று இரவே கவுன்டருக்கு வர வேண்டும். காலையில் இறங்குகிற அவசரத்தில் முந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள், சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு நான்கு டாலருக்காக நிற்க முடியாமல் எத்தனையோ பேர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இறங்கிய பிறகு மின்னஞ்சலில் வாதாடுவது மிகவும் சிரமம். தப்பு நடப்பதும் உண்மை. பக்கத்து கேபின் பில் மாறி ஏறுவது, ஒரே காபி இரண்டு முறை விழுவது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த படத்துக்கும் காசு போடுவது, எல்லாம் என் கையாலேயே திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வேலையை உங்கள் அப்பாவிடம் கொடுங்கள். டாலி கிளார்க் என்றால் கப்பலில் இருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் எண்ணிக் கோடு போட்டு, அடுத்தவர் கணக்கோடு ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போடாதவர். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள், அட்டையை நீட்டும்போது வரும் சீட்டுகளை இரண்டு கேபினுக்கும் சேர்த்து அவரிடமே தாருங்கள், ஒவ்வோர் இரவும் டி.வி.யில் ஃபோலியோவைத் திறந்து வைத்துவிடுங்கள். கடைசி இரவு மிச்ச ரொக்கத்தை வாங்கக் கவுன்டருக்கு அவரே வரட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ஊருக்கு வந்த பிறகு மீதி டாலர் 2,000 வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால்தான் 180 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆகவே அவர் கைக்குத் திரும்பி வரும் அந்த நாற்பதோ ஐம்பதோ டாலரை உடனே மாற்றிவிடுங்கள் என்று அவசரப்படுத்த வேண்டாம், பீரோவில் செக் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.